மெல்லிய புள்ளி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் திருவனந்தபுரம் வஞ்சியூரில் வக்கீல் ஆபீஸ்கள் இருபதுக்கு மேல் இருந்தன. அவற்றில் ஒரே ஒரு ஆபீஸில்தான் பெண்பிள்ளை ஒருத்தி மேஜை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தாள். அது வெங்கடசுப்ரமணிய அய்யரின் ஆபீஸ். அவள் பெயர் சரோஜம்.

சரோஜத்துக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பாறசாலைக்குத் தெற்கே சொந்த ஊர். அப்பா சபையில் உபதேசியாராக இருந்து காலமாகிவிட்டார். அம்மா ஞானபாய் திருவனந்தபுரம் பாளையத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து, லேஸ் பின்னிக் கொடுத்து, மகளைச் சுருக்கெழுத்தும் டைப்பும் படிக்க வைத்தாள். நிமிஷத்துக்கு நூற்று இருபது வார்த்தைப் பரீட்சையில் அவள் எழுதிய வருஷம் தேறிய நாலு பேரில் சரோஜம் ஒருத்தி. மற்ற மூவரும் ஆண்கள். மூவருக்கும் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. அவளுக்கு அய்யர் வேலை கொடுத்தார்.

கொடுத்ததற்குக் காரணம் அவளுடைய காது. மிஷன் போர்டிங்கில் பத்து வருஷம் சீமையிலிருந்து வந்த பெண்களின் வாயிலிருந்தே இங்கிலீஷைக் கேட்டு வளர்ந்தவள். மற்றவர்கள் புஸ்தகத்திலிருந்து எடுத்த பாஷையை அவள் சத்தத்திலிருந்து எடுத்திருந்தாள். எழுத்தில் வேறுபட்டு ஓசையில் ஒன்றாக இருக்கும் சொற்கள், ஓசையில் ஒரு மாத்திரை மட்டும் வேறுபடும் சொற்கள் என்று தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கப்பலுக்கு 'ஷிப்', செம்மறியாட்டுக்கு 'ஷீப்'. நிரப்புவதற்கு 'ஃபில்', உணர்வதற்கு 'ஃபீல்'. நானூறு ஜோடிக்கு மேல் சேர்ந்திருந்தன.

சுருக்கெழுத்தில் மெய்யெழுத்துக்களைத்தான் கோடும் வளைவுமாக இழுப்பார்கள். உயிரெழுத்துக்கள் பக்கத்தில் புள்ளியாகவும் சின்னக் கீற்றாகவும் வரும். குறிலுக்கு மெல்லிய புள்ளி, நெடிலுக்குத் தடித்த புள்ளி. வேகமாக எழுதுகிறவர்கள் புள்ளிகளை விட்டுவிடுவது வழக்கம். என்ன வார்த்தை என்று பின்னால் இடத்தை வைத்து ஊகித்துக்கொள்வார்கள். சரோஜம் தன் நோட்டில் இருந்த ஜோடிகளுக்கு மட்டும் எத்தனை வேகத்திலும் புள்ளியை விடமாட்டாள்.

ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா சுந்தரராமனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர். இருபத்தைந்து வருஷ சர்வீஸ். அவருக்கும் சுருக்கெழுத்து வரும். "என்ன சரோஜம், புள்ளி வச்சுக் கோலம் போடறியா?" என்று கேட்பார். ஆனால் நல்ல மனுஷர். பத்திரங்களை உரக்கப் படித்துக் காட்டுவதில் அவருக்குப் பெயர் உண்டு. கோவிலில் பாராயணம் செய்கிறவர்களைப் போல ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, ராகமாகப் படிப்பார். கட்சிக்காரர்கள் அர்த்தம் புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வருஷம் மாசி மாதம் ஜில்லா கோர்ட்டிலிருந்து அய்யருக்கு ஒரு கமிஷன், அதாவது சாட்சி இருக்கும் இடத்துக்கே போய் வாக்குமூலம் எடுக்கும் வேலை, வந்தது. வித்துராவுக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த பார்லோ துரை என்ற கிழவர் எஸ்டேட்டை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பவிருந்தார். எஸ்டேட்டின் கீழ் எல்லையில் ஆற்றோரமாகப் பதினாறு குடும்பங்கள் குடியிருந்தன. தெற்கிலிருந்து வந்து காடு வெட்டி மரச்சீனிக் கிழங்கு போட்டவர்கள். கம்பெனி அவர்களைக் காலி செய்யச் சொன்னது. துரையே எங்களுக்கு விட்டுக்கொடுத்த இடம் என்று அவர்கள் கேஸ் போட்டார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. துரையின் வாய்வார்த்தை மட்டும்தான். துரை கப்பல் ஏறுவதற்குள் அவருடைய வாக்குமூலத்தை எடுத்து அனுப்ப வேண்டியது அய்யரின் பொறுப்பு.

துரை சங்குமுகத்தில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் தங்கியிருந்தார். எழுபத்தெட்டு வயது. இரண்டு கண்ணிலும் புரை. காதும் மந்தம். சாய்வு நாற்காலியில் படுத்தபடியே இரண்டு மணி நேரம் பேசினார். இரண்டு தரப்பு வக்கீல்களும் கேள்வி கேட்டார்கள். சரோஜம் ஜன்னல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மைப்பேனாவால் எழுதிக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்தே அவளுக்குத் தலை பாரமாக இருந்தது. எழுதி முடித்து எழுந்தபோது கால் தள்ளாடியது. வீட்டுக்குப் போனவள் படுத்தாள். டைபாய்டு. ஐந்து வாரம் படுக்கையில் கிடந்தாள்.

கப்பலைப் பிடிக்கப் போகும் துரையின் ரயில் மறுநாள் மாலை. அதனால் சரோஜத்தின் நோட்டை வைத்துக்கொண்டு சுந்தரராமனே வாக்குமூலத்தை டைப் செய்தார். பங்களாவுக்கு எடுத்துப் போய் இரண்டு வக்கீல்கள் முன்னிலையிலும் துரைக்குப் படித்துக் காட்டினார். துரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சரி என்று தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். அய்யர் சாட்சி போட்டார். காகிதம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஏடனைத் தாண்டியதும் துரை கப்பலிலேயே இறந்துபோனார்.

இதெல்லாம் நடந்து ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம், ஆபீஸ் வராந்தாவில் ஒரு ஆணும் பெண்ணும் வந்து நின்றார்கள். பதினாறு குடும்பங்களுக்கும் மூத்தவரான தாசையனும் அவர் மனைவி தாசம்மாளும். வித்துராவிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி நெடுமங்காடு வழியாக வந்திருந்தார்கள். அய்யர் கோர்ட்டில் இருந்தார். சரோஜம் எழுந்து போய் என்ன விஷயம் என்று கேட்டாள்.

கேஸ் அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது, ஆனால் நடத்துவதில் பிரயோஜனம் இல்லை என்று தங்கள் வக்கீல் கைவிரித்துவிட்டதாகத் தாசையன் சொன்னார். துரையின் வாக்குமூலமே தங்களுக்கு எதிராக இருக்கிறதாம். அன்று கூட இருந்தும் வக்கீல் அதைக் கவனிக்கவில்லையாம், காகிதத்தில் பார்த்துத்தான் தெரிந்ததாம்.

"அம்மா, நீங்கதானே அண்ணைக்குப் பக்கத்துல இருந்து எழுதினது? துரை எங்ககிட்ட நேருல சொன்னாரு, நான் போன பொறவும் நீங்க இஞ்சதான் இருக்கணும்னு. பைபிள்ல கைய வச்சுக்கிட்டு மாத்திச் சொல்லிப்போட்டாரா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. செத்துப்போன ஒரு மனுஷரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் போலக் கேட்டார்.

 தாசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

சரோஜத்துக்கு வாக்குமூலம் முழுவதும் ஞாபகம் இல்லை. ஜுரத்தோடு எழுதியது. பார்த்துச் சொல்கிறேன் என்று அவர்களை உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் டைப் நகலை எடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. நான் போன பிறகு அவர்கள் அங்கிருந்து போய்விட வேண்டும் என்று அவர்களிடம் சொன்னேன். இங்கிலீஷில் 'லீவ்' என்று இருந்தது. லீவ் என்றால் விட்டுப் போ.

அலமாரியில் தேதிவாரியாக அடுக்கியிருந்த தன் நோட்டுக்களில் மாசி மாத நோட்டை இழுத்தாள். பக்கத்தைப் புரட்டி அந்த வரியைத் தேடினாள். கை நடுங்கி எழுதியிருந்தது தெரிந்தது. ஆனாலும் அந்த வளைவின் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது. பேனா முனை பட்டும் படாமலும் வைத்த மெல்லிய புள்ளி. குறில். 'லிவ்.' லிவ் என்றால் வாழ்.

நான் போன பிறகும் அவர்கள் அங்கே வாழ வேண்டும் என்று சொன்னேன்.

நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தாள். அதே பக்கத்தில் வேறோர் இடத்தில், துரை தான் ஊரை விட்டுப் போவதைப் பற்றிச் சொன்ன வரியில், அதே வளைவுக்குப் பக்கத்தில் தடித்த புள்ளி இருந்தது. இரண்டையும் அவள் வேறு வேறாகத்தான் கேட்டிருக்கிறாள். வேறு வேறாகத்தான் எழுதியிருக்கிறாள்.

வராந்தாவுக்குத் திரும்பி வந்து, துரை மாற்றிச் சொல்லவில்லை என்று மட்டும் தாசையனிடம் சொன்னாள். மேற்கொண்டு ஆக வேண்டியதை அய்யரிடம் பேசிவிட்டுத் தெரிவிப்பதாகச் சொல்லி அனுப்பினாள்.

அய்யர் வந்ததும் நோட்டையும் நகலையும் அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவருக்குச் சுருக்கெழுத்துத் தெரியாது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சுந்தரராமனைக் கூப்பிட்டார். சுந்தரராமன் நோட்டைப் பார்த்து, புள்ளி இருக்கிறது, நான் கவனிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். துரை ஊரை விட்டுப் போகிற பேச்சாக இருந்ததால் இதுவும் போகிற பேச்சுதான் என்று நினைத்து டைப் செய்தாராம். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பிடிகொடுக்கவில்லை. படித்துக் காட்டினேன், அவர் கேட்டார், கையெழுத்துப் போட்டார், தப்பென்றால் அப்போதே சொல்லியிருக்க மாட்டாரா என்றார்.



அய்யர் அன்று ஒன்றும் முடிவு சொல்லவில்லை. வாக்குமூலம் சரியானது என்று கோர்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவர். அது தப்பு என்று அவரே போய் நிற்பதென்றால், இருபது வருஷமாகக் கமிஷன் வேலைக்கு நம்பிக் கூப்பிடும் கோர்ட்டில் அவர் பெயர் என்ன ஆகும்? ஒரு நாள் பொறு என்றார்.

வீட்டில் சரோஜம் அம்மாவிடம் சொன்னாள். அய்யர் வேண்டாம் என்று சொன்னாலும் நான் கூண்டில் ஏறிச் சொல்லத்தான் போகிறேன், வேலை போனாலும் போகட்டும் என்றாள். ஞானபாய் பின்னிக்கொண்டிருந்த லேஸிலிருந்து தலை எடுக்காமல், "ஏறினா உறைக்கப் பேசணும் மக்களே. நடுங்கிக்கிட்டு பேசினா நெசமும் பொய்யாட்டுத் தோணும்" என்றாள்.

மறுநாள் சரோஜம் ஆபீஸுக்குப் போனபோது அய்யர் அவளுக்கு முன்பே வந்திருந்தார். மேஜையில் தன் கையாலேயே எழுதிய மனு ஒன்று கிடந்தது. கமிஷனராகிய நான் அனுப்பிய வாக்குமூலத்தில் ஒரு சொல் பிழையாக இருப்பதாக அறிகிறேன், மூல நோட்டைப் பரிசோதித்துத் திருத்த உத்தரவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"டைப் பண்ணு," என்றார். "இதை நீதான் பண்ணணும். ஒரு புள்ளி தப்பக் கூடாது, கேட்டியா?"

மனு விசாரணைக்கு வந்த நாள் ஜில்லா கோர்ட்டில் கூட்டம் ஹாலை மீறி வெளியே நின்றது. கூண்டில் ஒரு பெண் ஏறி இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றிச் சாட்சி சொல்லப் போகிறாள் என்று வஞ்சியூர் முழுவதும் பரவியிருந்தது. பின்வரிசையில் வித்துராக்காரர்கள் முப்பது பேர் இருந்தார்கள். ஜட்ஜ் சுசீந்திரத்துக்காரர், தமிழும் மலையாளமும் ஒன்றுபோல் பேசுகிறவர். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று சரோஜத்துக்கு அனுமதி கொடுத்தார்.

கம்பெனியின் வக்கீல் லண்டனில் படித்த பாரிஸ்டர். சங்குமுகத்தில் துரையிடம் கேள்வி கேட்டது அவருடைய ஜூனியர்தான். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். நோட்டை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். முதல் கேள்வியே கூர்மையாக வந்தது. இந்தப் புள்ளி பின்னால் வைத்ததாக இருக்கலாம், அல்லது பின்னால் மாற்றியதாக இருக்கலாம், இல்லையா என்றார்.

சரோஜம் கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டுப் பேசினாள். மையால் வைத்த மெல்லிய புள்ளியை யார் வேண்டுமானாலும் தடிப்பாக்கலாம், ஆனால் தடித்த புள்ளியை மெல்லியதாக்க வேண்டுமானால் காகிதத்தைச் சுரண்டித்தான் ஆகவேண்டும் என்றாள். நோட்டில் இருப்பது மெல்லிய புள்ளி. காகிதத்தில் சுரண்டல் இல்லை. புதிதாக வைத்தது என்றால், அந்தப் பக்கத்தில் மட்டும் இதைப் போல முப்பத்தோரு புள்ளி இருக்கின்றன, எல்லாம் ஒரே மை, ஒரே கை என்றாள். ஜட்ஜ் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். சரி என்று குறித்துக்கொண்டார்.

பாரிஸ்டர் அடுத்த வழியைப் பிடித்தார். நோட்டில் இருப்பது அவள் கேட்டது. அவள் கேட்டதே தப்பாக இருந்தால்? ஜுரம் வேறு இருந்திருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் காதுக்கு இத்தனை நுணுக்கம் உண்டென்று எதை வைத்து நம்புவது? அதனால் கோர்ட்டிலேயே பரீட்சை வைக்க அனுமதி கேட்டார்.

ஜட்ஜ் சரோஜத்தைப் பார்த்தார். சம்மதம் என்றாள்.

சட்டசபை நடவடிக்கைகளை எழுதும் சர்க்கார் ரிப்போர்ட்டர் அச்சுதன் பிள்ளையை வரவழைத்து, எதுவும் காதில் விழாதபடி தூரத்து அறை ஒன்றில் உட்காரவைத்தார்கள். பாரிஸ்டர் வீட்டிலேயே தயார் செய்து கொண்டுவந்த ஒரு பத்தியைப் பையிலிருந்து எடுத்து, மூச்சு விடாமல் படித்தார். ஷீப் ஷிப்பில் ஏறின. மில்லில் மீல் கொடுத்தார்கள். சீட்டில் சிட் பண்ணச் சொன்னார்கள். ஜாடியை ஃபில் பண்ணும்போது குளிரை ஃபீல் பண்ணினார்கள். அர்த்தத்தை வைத்து ஊகிக்க முடியாதபடி வாக்கியங்களை வேண்டுமென்றே கோணலாக முடைந்திருந்தார். கப்பல் புல் தின்றது, ஆடு துறைமுகத்துக்குள் நுழைந்தது என்றெல்லாம் வந்தன. கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். சரோஜம் சிரிக்கவில்லை. அவள் பேனா நிற்காமல் ஓடியது.

அச்சுதன் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் எழுதிய பக்கத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பாரிஸ்டர் தன் காகிதத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகத் தொடர்ந்துகொண்டே வந்தார். ஷீப், ஷிப், மில், மீல். கப்பல் புல் தின்ற இடத்தில் பிள்ளை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுதியிருப்பது இதுதான் என்று சொல்லி மேலே படித்தார். கடைசி வாக்கியம் வரைக்கும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

கடைசி வாக்கியத்தில் நின்றார். இதில் 'பெய்ல்' என்று எழுதியிருக்கிறது, ஜாமீன் என்ற பெய்லா, பஞ்சுப் பொதி என்ற பெய்லா என்று இந்தக் குறியில் தெரியாது, இரண்டுக்கும் குறி ஒன்றுதான் என்றார்.

பாரிஸ்டர் இதற்காகத்தான் காத்திருந்தவரைப் போல ஜட்ஜ் பக்கம் திரும்பினார். பார்த்தீர்களா, இந்த எழுத்தாலேயே பிரிக்க முடியாத வார்த்தைகள் இருக்கின்றன, இதை நம்பி ஒரு பத்திரத்தைத் திருத்துவதா என்றார்.

சரோஜம் பேசலாமா என்று கேட்டாள். ஜட்ஜ் தலையசைத்தார்.

"அது ரெண்டும் ஒரே சத்தம் சார். அவங்க வாயிலயும் ஒரே சத்தமாத்தான் வந்தது. எங்க எழுத்து சத்தத்தை எழுதும். ஒரே சத்தமானா ஒரே குறி. லிவ்வும் லீவும் அப்பிடி இல்ல. அது ரெண்டு சத்தம். நம்ம பாஷையில விடு, வீடுன்னு இருக்கில்லா? ஒரு மாத்திரைதான் வித்தியாசம். விடுன்னா போகச் சொல்லுறது. வீடுன்னா இருக்கப்பட்ட இடம். எழுத்துத் தெரியாத ஆளுகூட அதை மாத்திக் கேக்க மாட்டாங்க."

பின்வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. அதுவரைக்கும் இங்கிலீஷில் நடந்தது எதுவும் புரியாமல் உட்கார்ந்திருந்த வித்துராக்காரர்களுக்குத் தங்கள் கேஸ் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. ஜட்ஜ் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். மலையாளத்திலும் அதே இரண்டு வார்த்தைதான் என்று பக்கத்தில் இருந்த கோர்ட் தலைமைக் குமாஸ்தா சிரஸ்தாரிடம் மெல்லச் சொன்னார்.

சரோஜம் இன்னொன்றும் சொன்னாள். டைப் நகலில் 'லீவ் தேர்' என்று இருக்கிறது. இடத்தைக் காலி செய் என்பதற்கு 'லீவ் தி பிளேஸ்' என்பார்கள். 'லீவ் தேர்' என்று ஒரு இங்கிலீஷ்காரர் பேசமாட்டார். 'லிவ் தேர்' என்றுதான் வரும். இதைப் பாரிஸ்டர் அவர்களே சொல்லட்டும் என்றாள்.

ஜட்ஜ் பாரிஸ்டரைப் பார்த்தார். பாரிஸ்டர் தன் காகிதத்தை மடித்து வைத்தார். வழக்கத்தில் இல்லாத பிரயோகம்தான் என்று ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் மறுக்க அவருடைய படிப்பு இடம் கொடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. படித்துக் காட்டியபோது துரை ஏன் சும்மா இருந்தார்? பாரிஸ்டர் அதைத்தான் கடைசியாகப் பிடித்துக்கொண்டார். சுந்தரராமனைக் கூண்டில் ஏற்றச் சொன்னார்.

சுந்தரராமன் நெற்றியில் விபூதி பளிச்சென்று தெரிய, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். தெளிவாக, நிறுத்தி, உரக்கப் படித்துக் காட்டினேன் என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

ஜட்ஜ் ஒரு சீட்டில் ஏதோ எழுதினார். சிரஸ்தார் மூலம் அதைக் கூண்டுக்கு அனுப்பினார். அன்று துரைக்குப் படித்ததைப் போலவே இதையும் படியுங்கள் என்றார். சீட்டில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒன்றில் லிவ், இன்னொன்றில் லீவ். மற்றபடி இரண்டும் ஒன்று.

சுந்தரராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். அவருடைய வழக்கமான நிறைந்த குரல். ஐ டோல்ட் தெம்ம், தே வேர் டு லீவ்வ் தேர், என்று முதல் வாக்கியத்தை இழுத்து முடித்தார். ஐ டோல்ட் தெம்ம், தே வேர் டு லீவ்வ் தேர், என்று இரண்டாவதையும் இழுத்து முடித்தார்.



முதலில் படித்தது எந்த வார்த்தை என்று ஜட்ஜ் கேட்டார். சுந்தரராமன் சீட்டைப் பார்த்தார். வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் முகம் மாறுவதைச் சரோஜத்தால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயிக்கிற இடம் அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. 

ஆனால் சுந்தரராமன் தலை குனியவில்லை. ஜட்ஜை நேராகப் பார்த்துச் சொன்னார்: "என் வாயிலே ரெண்டும் ஒண்ணாத்தான் வரது. இத்தனை வருஷமா எனக்கே தெரியலை. துரை தான் சொன்னதைத்தான் நான் படிக்கறேன்னு நினைச்சுண்டு கையெழுத்துப் போட்டிருக்கார். கண் தெரியாத மனுஷர். தப்பு என்னோடது. அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி."

பாரிஸ்டர் மேற்கொண்டு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

மத்தியானத்துக்கு மேல் ஜட்ஜ் உத்தரவைப் படித்தார். வாக்குமூலத்தின் மூன்றாம் பக்கத்தில் உள்ள அந்தச் சொல்லை மூல நோட்டில் உள்ளபடி திருத்தவும், திருத்திய வாக்குமூலமே சாட்சியமாகும் என்றார். சுருக்கெழுத்தரின் கவனத்தைக் கோர்ட் பாராட்டுகிறது என்றும், தன் பிழையைத் தானே எடுத்துவந்த கமிஷனரின் நேர்மையைப் பாராட்டுகிறது என்றும் இரண்டு வரி சேர்த்திருந்தார். அய்யர் அதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வராந்தாவில் வித்துராக்காரர்கள் சரோஜத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.  தாசம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, மை படிந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அச்சுதன் பிள்ளை வெளியே போகிற வழியில் நின்று, சட்டசபைக்கு இன்னொரு ரிப்போர்ட்டர் வேண்டும் என்று பேச்சு நடக்கிறது, விண்ணப்பம் போடு, பெண் என்று யாராவது முகம் சுளித்தால் இன்றைக்கு நடந்ததை நான் சொல்கிறேன் என்றார்.

சுந்தரராமன் அன்று ஆபீஸுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் வந்தார். நேராகச் சரோஜத்தின் மேஜைக்கு வந்து, அன்றைக்குக் கையெழுத்தாக வேண்டிய மூன்று பத்திரங்களை வைத்தார்.

"இனிமே இங்கிலீஷ் பத்திரமெல்லாம் நீ படிச்சுக் காட்டு. தமிழும் மலையாளமும் நான் பார்த்துக்கறேன்," என்றார். சரோஜம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்திவிட்டார். பிறகு, அந்த நோட்டில் இருக்கிற ஜோடிகளை ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். தன் பெண்ணுக்கு வேண்டும் என்றார். சரோஜம் அன்றே கார்பன் வைத்து டைப் செய்து கொடுத்தாள்.

பெரிய கேஸின் தீர்ப்பு தை மாதம் வந்தது. துரை விட்டுக்கொடுத்தது செல்லும், பதினாறு குடும்பங்களுக்கும் அந்த ஆற்றோர நிலத்தில் உரிமை உண்டு என்று தீர்ப்பாயிற்று. கம்பெனி அப்பீலுக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சரோஜமும் ஞானபாயும் வித்துராவுக்கு பஸ் ஏறினார்கள். இறங்கும் இடத்திலேயே தாசையன் பத்துப் பேரோடு காத்துக்கொண்டிருந்தார். இரண்டு மைல் நடை. தூரத்தில் பொன்முடி மேகத்துக்குள் மறைந்திருந்தது. ஆற்றின் சத்தம் முதலில் கேட்டது. பிறகு இடம் தெரிந்தது. வரிசையாக மண்சுவர்க் குடிசைகள், பின்னால் மரச்சீனித் தோட்டம், வாழை, நல்லமிளகுக் கொடிகள். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்டாக வேண்டும் என்றார்கள். மரச்சீனியும் மீனும் மூன்றாம் வீட்டிலேயே வயிற்றை நிறைத்துவிட்டது. பதினாறாம் வீடு வரைக்கும் ஒரு வாய், ஒரு வாய் என்று சாப்பிட்டார்கள்.

தாசையன் வீட்டுக்குப் பக்கத்தில் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டியிருந்தது. ஆற்றிலிருந்து கருங்கல் உருட்டிக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். பதினெட்டு வருஷமாக அந்த இடத்தில் யாரும் கல்லால் கட்டியதில்லை. எப்போது போகச் சொல்வார்களோ என்று மண்ணால்தான் கட்டினார்கள். தீர்ப்பு வந்த மறுநாளே ஒன்பது வீட்டில் குழி தோண்டிவிட்டார்கள் என்று தாசம்மாள் சொன்னாள்.

முதல் கல்லை நீங்க வைக்கணும் என்றார்கள். சரோஜம் மறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். தாசையன் ஒரு முனையையும் அவள் ஒரு முனையையும் பிடித்துக் கல்லைத் தூக்கினார்கள். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மூலையில் கொண்டுபோய் இறக்கி, ஆடுகிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை. மேலே நின்றவர்கள் அடுத்த கல்லை உருட்டினார்கள்.